வெளியூர்ப் படகுக்கு முப்பது டாலர்

மக்களே, இது ஒரு படகுப் பதிவு. படகுன்னதும் வெள்ளைத் தொப்பி, கூலிங் கிளாஸ்னு கற்பனை பண்ணிடாதீங்க. பதினாறடி நீளத்தில் ஒரு அலுமினியப் படகு, பின்னாடி ஒரு பழைய மோட்டார், அவ்வளவுதான். நானும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் பாதிப் பாதி காசு போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கினது. அவர் மீன் பிடிப்பார். நான் பிடிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

நான் இருப்பது ஸ்போகேன். வாஷிங்டன் மாநிலத்தோட கிழக்கு ஓரம் (தலைநகர் வாஷிங்டன் இல்லீங்க, சியாட்டில் இருக்கிற மாநிலம்). இருபது மைல் கிழக்கே போனா எல்லை. தாண்டினா ஐடஹோ மாநிலம். இன்னும் கொஞ்சம் போனா கோர்டலேன் ஏரி. தஞ்சாவூர்க்காரங்க கல்லணைக்குப் போயிட்டு வர்ற தூரம்தான். காலையில் இட்லியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பினா சாயங்காலம் காபிக்கு வீட்டில் இருக்கலாம்.

முதல் தடவை படகை இழுத்துக்கிட்டுப் போனப்போ ஒரு கடையில் ஸ்டிக்கர் வாங்கணும்னு சொன்னாங்க. வேற இடத்து நீர்வாழ் உயிரினங்கள் ஊருக்குள் நுழையாமல் தடுக்கறதுக்கான நிதியாம். 2009-லிருந்து இருக்கிற ஏற்பாடு. ஒரு காலண்டர் வருஷத்துக்குச் செல்லும். சரி, நல்ல காரியம்தானேன்னு பர்ஸை எடுத்தேன். "முப்பது டாலர்" அப்படின்னாங்க. பக்கத்தில் விலைப்பட்டியல் ஒட்டியிருந்தது. ஐடஹோவில் பதிவான மோட்டார் படகுக்கு 10 டாலர். வெளிமாநில மோட்டார் படகுக்கு 30 டாலர். துடுப்புப் படகுன்னா எந்த ஊரா இருந்தாலும் 7 டாலர்.

எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. அதே ஏரி, அதே தண்ணி, என் படகு அவங்க படகை விடச் சின்னது. எனக்கு மட்டும் ஏன் மூணு மடங்கு?

எரிச்சலை அதிகமாக்கற மாதிரி படகை இறக்கற சரிவில் எனக்கு முன்னாடி ஒருத்தர் நின்னார். ஐடஹோ நம்பர் பிளேட், என் வீட்டு ஹால் சைஸில் படகு. பேச்சுக் கொடுத்தேன். அரிசோனா பக்கம் ஹவாசு ஏரிக்குப் போய் ஒரு வாரம் சுத்திட்டு இப்பதான் வந்தாராம். அவர் கட்டினது 10 டாலர். எங்க படகு ஸ்போகேனைச் சுத்தி இருக்கிற குட்டைகளைத் தவிர வேற தண்ணியைப் பார்த்ததே இல்லை. நாங்க கட்டினது 30. இந்த விஷயத்தை மனசில் வைச்சுக்கோங்க, கடைசியில் இதுக்குத்தான் வரப் போறேன்.

படகில் உட்கார்ந்ததும் பெரியவர்கிட்ட நியாயம் கேட்டேன். அவர் இந்தப் பக்கத்தில் நாப்பது வருஷமா மீன் பிடிக்கிறவர். தூண்டிலை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "ட்வின் ஃபால்ஸ்ல நடந்தது தெரியுமா?"ன்னு கேட்டார். தெரியாதுன்னேன். அன்னிக்கு மீன் கிடைக்கலை, பாடம் கிடைச்சது.

விஷயம் இதுதான். குவாகா சிப்பின்னு ஒண்ணு இருக்கு. விரல் நகத்தளவுதான் வளரும். சொந்த ஊர் கருங்கடலைச் சுத்தின உக்ரைன் பக்கத்து ஆறுகள். கப்பல்கள் பாரத்துக்காக வயிற்றில் நிரப்பிக்கிட்டு வந்த தண்ணியோட சேர்ந்து 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் பேரேரிகளுக்கு வந்தது. அங்கிருந்து மேற்கே வந்தது கப்பலில் இல்லை. நம்மளை மாதிரி வார விடுமுறைக்காரங்க டிரெய்லரில் இழுத்துக்கிட்டுப் போற படகில். 2007 ஜனவரியில் நெவாடா, அரிசோனா எல்லையில் இருக்கிற மீட் ஏரியில் கண்டுபிடிச்சாங்க. அதே ஆத்தில் கீழே இருக்கிற ஹவாசு ஏரியிலும் அதே சமயத்தில் கிடைச்சது. ஆமாம், நம்ம ஹால் சைஸ் படகுக்காரர் போயிட்டு வந்த அதே ஹவாசு.

ஒரு பெண் சிப்பி வருஷத்துக்குப் பத்து லட்சம் முட்டை வரைக்கும் போடும். குஞ்சு கண்ணுக்கே தெரியாது. படகின் அடியில் தேங்கின ஒரு டம்ளர் தண்ணியில் ஊர் விட்டு ஊர் போயிடும். வளர்ந்ததுக்கு அப்புறம் குழாய், மதகு, அணையோட தண்ணிப் பாதை எல்லாத்திலும் அடை அடையா ஒட்டிக்கும். தண்ணியில் இருக்கிற நுண்ணுயிரை எல்லாம் வடிகட்டித் தின்னுடும், மீன் குஞ்சுக்கு ஒண்ணும் மிஞ்சாது. ஒரு பெரிய ஏரியில் ஒரு தடவை நிலைச்சுட்டா அப்புறம் ஒழிக்கவே முடியாது. செலவு பண்ணிக்கிட்டே குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

2023 செப்டம்பரில் ஐடஹோவின் தெற்கே ட்வின் ஃபால்ஸ் ஊர்கிட்ட ஸ்னேக் ஆத்தில் இதைக் கண்டுபிடிச்சாங்க. அடுத்த மாசம் ஆத்தில் செம்பு கலந்த மருந்தை ஊத்தினாங்க. சிப்பி மட்டுமா சாகும்? டன் கணக்கில் மீன் செத்தது. ஸ்டர்ஜன்னு ஒரு மீன், ஆளை விட நீளமா வளரும், பல பத்து வருஷம் வாழும், அதுவும் செத்து மிதந்தது. முதல் தடவை வைத்தியத்துக்கே கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் ஆச்சு. 2024 செப்டம்பரில் திரும்பவும் தலை காட்டுச்சு, திரும்பவும் மருந்து. இதெல்லாம் ஏதோ ஒரு படகால் வந்தது. யார் படகுன்னு யாருக்கும் தெரியாது.

இதில் எனக்கு உறைச்சது வேற ஒண்ணு. ஸ்னேக் ஆறு ஐடஹோவைச் சுத்திக்கிட்டு எங்க மாநிலத்துக்குள்ள வந்துதான் கொலம்பியா ஆத்தில் கலக்குது. கோர்டலேன் ஏரியிலிருந்து கிளம்பற ஆறுதான் எங்க ஊருக்கு நடுவே ஓடுது, அதுவும் கடைசியில் கொலம்பியாவில்தான் போய்ச் சேருது. எங்க மின்சாரம், ஆப்பிள் தோட்டத்துத் தண்ணி, சால்மன் எல்லாம் கொலம்பியாவை நம்பித்தான். தஞ்சாவூர்ப் பாஷையில் சொன்னா ஐடஹோ தலைமடை, நாங்க கடைமடை. தலைமடைக்காரன் ராத்திரி கண் முழிச்சுக் காவல் காக்கிறான். அந்தக் காவலுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்னு சண்டை போட்டா அது நல்லாவா இருக்கு? அந்த இடத்திலேயே என் கோபம் பாதி இறங்கிடுச்சு.

மீதிப் பாதி இன்னும் இருக்கு. அதைத்தான் இங்கே கொட்டப் போறேன்.

வெளியூர்க்காரன்கிட்ட அதிகமா வாங்கறது உலகம் பூரா இருக்கிற வழக்கம். நம்ம மாமல்லபுரத்தையே எடுத்துக்கோங்க. 2018-ல் ஏத்தினதிலிருந்து இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். ஆபீஸ் நண்பர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். என் பாஸ்போர்ட்டும் அவர் பாஸ்போர்ட்டும் ஒரே நீலம். ஆனா என்கிட்ட வெளிநாட்டு இந்தியர் அட்டை இருக்கு, அதனால் நான் 40, அவர் 600. கடற்கரைக் கோயிலைச் சுத்தி வந்தப்போ அவர் கேட்டார்: "நீ பார்க்கிறதை விடப் பதினஞ்சு மடங்கு நான் அதிகமாப் பார்க்கணுமா?" சிரிச்சு மழுப்பினேன். அன்னிக்கு எனக்கு அது அநியாயமாப் படலை. நமக்கு லாபமா இருக்கிற அநியாயம் கண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் தெரியாதே :-)

யோசிச்சுப் பார்த்தா வெளியூர்க்காரன் மேல போடற கட்டணம் மூணு வகை.

முதல் வகை, அவனால் வர்ற செலவுக்கானது. படகோட கிருமி வரலாம், சோதிக்க ஆள் வேணும், வெந்நீர் அடிச்சுக் கழுவ மெஷின் வேணும். அந்தச் செலவை அவன்கிட்ட கேட்கறது நியாயம்.

ரெண்டாவது வகை, "இது எங்க வீட்டுச் சொத்து" கட்டணம். உள்ளூர்க்காரன் வருஷம் பூரா வரி கட்டி இதை வளர்த்தான், நீ ஒரு நாள் வந்து அனுபவிக்கிறே, அதனால் கொஞ்சம் அதிகமாக் கொடு. மாமல்லபுரம் இந்த வகை. ஐடஹோவிலும் இது உண்டு. கூட்டம் தாங்கலைன்னு 2021-ல் சட்டம் போட்டு, அஞ்சு முக்கியமான மாநிலப் பூங்காக்களில் வெளிமாநில வண்டிக்கு நுழைவுக் கட்டணத்தை 7-லிருந்து 14 டாலராக்கினாங்க. படகு இறக்க நாங்க போற ஃபாரகட் பூங்காவும் அதில் ஒண்ணு. முணுமுணுத்துக்கிட்டே கட்டலாம். காரணம் இருக்கு, மறைக்காமல் சொல்லவும் செய்யறாங்க.

மூணாவது வகை, கஜானா காலி, கிடைச்சவன் தலையில் கட்டுங்கிற கட்டணம். இது உள்ளூர், வெளியூர்னு பார்க்காமலும் நடக்கும். 1990-ல் பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைக்க அமெரிக்க மத்திய அரசு பொழுதுபோக்குப் படகுகள் மேல ஒரு கட்டணம் போட்டது. பதினாறடிக்கு மேல இருந்தா நீளத்தைப் பொறுத்து வருஷம் 25-லிருந்து 100 டாலர் வரை. பேர் என்னவோ கடலோரக் காவல்படையின் உபயோகிப்பாளர் கட்டணம். படகுக்காரங்களுக்கு அதனால் புதுசா ஒரு உபயோகமும் கிடைக்கலை. போட்ட கூச்சலில் 1992-லேயே ரத்து பண்ணச் சட்டம் வந்து, 1994-க்குள் மொத்தமாப் போயிடுச்சு. பேரில் ஒண்ணும் செலவில் இன்னொண்ணுமா இருக்கிற கட்டணம் ரொம்ப நாள் தாங்காது.

இதெல்லாம் கோர்ட் வரைக்கும் போன சமாச்சாரம். 1948-ல் ஒரு வழக்கு. தென் கரோலினா மாநிலம் இறால் பிடிக்கிற படகுக்கு லைசென்ஸ் போட்டது. உள்ளூர்ப் படகுக்கு 25 டாலர், வெளிமாநிலப் படகுக்கு 2500. எழுத்துப்பிழை இல்லைங்க, நூறு மடங்கு. பக்கத்து ஜார்ஜியா மீனவர்கள் வழக்குப் போட்டாங்க. இறால் வளத்தைக் காப்பாத்தத்தான்னு மாநிலம் வாதாடிச்சு. உச்ச நீதிமன்றம் அடிச்சுத் தள்ளிடுச்சு. வெளியூர்க்காரரால் கூடுதலா காவல் செலவு வந்தா அதை வாங்கிக்கோ, உள்ளூர்க்காரன் மட்டும் கட்டற வரியில் வளத்தைப் பாதுகாக்கிறேன்னா அதுக்கு ஈடா வாங்கிக்கோ, ஆனா வெளியூர்க்காரன்கிறதுக்காகவே விரட்டாதேங்கிறதுதான் தீர்ப்போட சாரம்.

முப்பது வருஷம் கழிச்சு, 1978-ல் இன்னொண்ணு. மொன்டானாவில் எல்க் மான் வேட்டை லைசென்ஸ். உள்ளூர்க்காரர் எல்க்குக்கு மட்டும் 9 டாலரில் வாங்கலாம். வெளியூர்க்காரர் 225 டாலர் கொடுத்து மொத்த லைசென்ஸையும் வாங்கியாகணும். இதை அதே உச்ச நீதிமன்றம் சரின்னுடுச்சு. ஏன்னா அது பொழுதுபோக்கு. இறால் பிடிக்கிறது வயித்துப் பாடு, எல்க் வேட்டை வாரக் கடைசிச் சமாச்சாரம்.

இந்த வித்தியாசத்தை நான் ஏத்துக்கறேன். பிழைப்புக்குப் படகு விடறவனை ஊர் பேர் சொல்லித் தடுக்கறது பாவம். என்னை மாதிரி இட்லி சாப்பிடப் படகு விடறவன்கிட்ட கொஞ்சம் அதிகமா வாங்கினா வானம் இடிஞ்சு விழாது. ஆனா சட்டப்படி செல்லும்கிறதாலேயே கணக்கு சரின்னு ஆயிடாது. 1948 தீர்ப்பு கேட்ட கேள்வியையே 30 டாலர் ஸ்டிக்கர்கிட்டயும் கேட்கலாம்: வெளியூர்க்காரரால் வர்ற கூடுதல் செலவு எது?

இங்கேதான் ஹால் சைஸ் படகு திரும்ப வருது. சிப்பிக்கு மாநில எல்லை தெரியாது. அதுக்கு நம்பர் பிளேட் படிக்கத் தெரியாது. படகு எந்த ஊரில் பதிவாச்சுங்கிறதை விட, கடைசியா எந்தத் தண்ணியில் மிதந்ததுங்கிறதுதான் விஷயம். ஹவாசுவில் ஒரு வாரம் கிடந்த ஐடஹோ படகு ஆபத்து. ஸ்போகேன் குட்டையைத் தாண்டாத வாஷிங்டன் படகு அவ்வளவு ஆபத்து இல்லை. கட்டணமோ நேர்மாறா இருக்கு. (அந்த மனுஷரைக் குத்தம் சொல்லலை. வழியில் சாவடியில் நிறுத்தி வெந்நீரால் கழுவி அனுப்பினாங்களாம், அவரே சொன்னார். அந்தக் கழுவலுக்கான செலவு யாரோட ஸ்டிக்கரில் இருந்து போச்சுன்னுதான் கேட்கறேன்.)

ஐடஹோவை மட்டும் சொல்லிட்டுப் போனா நான் யோக்கியன் இல்லை. எங்க மாநிலமும் 2018-லிருந்து வெளிமாநிலப் படகுக்குத் தனியா அனுமதிச் சீட்டு வைச்சிருக்கு. தொடங்கினப்பவே கமிஷனோட சேர்த்து இருபது டாலருக்கு மேல. எங்க படகுப் பதிவில் இதுக்காகச் சேர்த்து வாங்கினது ரெண்டே டாலர். ஆக ஐடஹோக்காரர் எங்க பக்கம் வந்தா அவரும் இதே மாதிரிதான் பல்லைக் கடிப்பார். ரெண்டு வீட்டுக்காரனும் ஒரே கிணத்துக்குக் காவல் போட்டுட்டு, ஒருத்தன்கிட்ட ஒருத்தன் காவல்கூலி கேட்கிற கதை.

"நம்பர் பிளேட் பார்க்கறது சுலபம், எங்கே மிதந்ததுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"ன்னு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனா அதை ஏற்கெனவே கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஐடஹோவிலிருந்து திரும்பற வழியில் ஸ்போகேன்கிட்டயே எங்க மாநிலச் சோதனைச் சாவடி இருக்கு. படகு இழுத்துக்கிட்டு வர்ற வண்டி எல்லாம் நிக்கணும், துடுப்புப் படகா இருந்தாலும். முதல் கேள்வியே "கடைசியா எந்தத் தண்ணியில் விட்டீங்க?" அப்புறம் டார்ச் அடிச்சு அடிப்பலகை, மோட்டார், டிரெய்லர் எல்லாம் தடவிப் பார்ப்பாங்க. வடிகால் மூடியைக் கழட்டச் சொல்வாங்க. அஞ்சு பத்து நிமிஷம், காசு கிடையாது. பொய் சொல்றவன் இருப்பான்தான். அவன் 30 டாலர் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டும் பொய் சொல்வான்.

அதனால் நான் கேட்கறது மூணே மூணு.

ஒண்ணு, கொலம்பியா ஆத்து வடிநிலம் ஒரே வீடு. வாஷிங்டன், ஐடஹோ, ஓரிகன், மேற்கு மொன்டானா எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஸ்டிக்கர் போடுங்க. விலை இருபதோ முப்பதோ, எல்லாருக்கும் ஒண்ணா இருக்கட்டும்.

ரெண்டு, சிப்பி பிடிச்ச ஏரிக்குப் போயிட்டு வந்த படகு, எந்த ஊர்ப் படகா இருந்தாலும், கழுவற கூலியைத் தனியாக் கொடுக்கட்டும். ஆபத்தைக் கொண்டு வர்றவன் கொடுக்கறதுதான் முதல் வகைக் கட்டணம்.

மூணு, ஸ்டிக்கர் விக்கிற இடத்தில் ஒரு தாளை ஒட்டுங்க. போன வருஷம் இவ்வளவு வசூல், இத்தனை படகைச் சோதிச்சோம், இத்தனை படகில் சிப்பி இருந்தது. அதைப் படிச்சிருந்தா அன்னிக்கு நான் கோபப்பட்டே இருக்க மாட்டேன்.

"இருபது டாலர் வித்தியாசத்துக்கா இவ்வளவு நீளப் பதிவு?"ன்னு கேட்பீங்க. ஹால் சைஸ் படகுக்காரருக்கு இருபது டாலர் ஒரு மணி நேரப் பெட்ரோல்கூட இல்லை. பழைய படகை வைச்சுக்கிட்டு வருஷத்துக்கு ரெண்டு தடவை எல்லை தாண்டற, பென்ஷனில் இருக்கிற எங்க பெரியவருக்கு, மாநிலத்துக்கு மாநிலம் ஸ்டிக்கர், பூங்கா நுழைவுன்னு சேர்த்தா அது ஒரு தொகை.

அதை விட முக்கியமா ஒண்ணு இருக்கு. இந்தக் காவல் மொத்தமும் நம்பிக்கையில்தான் நடக்குது. எல்லா ரோட்டிலும் சாவடி கிடையாது, ராத்திரியில் எல்லா சாவடியும் திறந்திருக்காது. "நம்மளை ஏமாத்தறாங்க"ன்னு ஒருத்தனுக்குத் தோணிட்டா, அவன் சாவடி இல்லாத ரோட்டில் சுத்திக்கிட்டுப் போய், ஆள் இல்லாத கரையில் படகை இறக்குவான். ட்வின் ஃபால்ஸுக்கு ஒரு படகு போதுமா இருந்தது. கொலம்பியாவுக்கும் ஒண்ணு போதும். கட்டணம் நியாயமா இருக்கணும்னு நான் சொல்றது என் பர்ஸுக்காக மட்டும் இல்லை. நியாயமா இருந்தாத்தான் ஜனங்க தானா வந்து சாவடியில் நிப்பாங்க.

அதுவரைக்கும் என்ன பண்றதுன்னா, நாங்க 30 டாலரைக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம், ஆளுக்குப் பதினஞ்சு. ஒவ்வொரு தடவை கரையேறினதும் பெரியவர் மூடியைக் கழட்டித் தண்ணியை வடிப்பார், நான் பழைய வேட்டித் துணியால் துடைப்பேன். எங்க படகு சுத்தமா இருக்குன்னு சாவடிப் பொண்ணு ஒரு தடவை பாராட்டினாங்க. மீன் பிடிக்காததுக்கு அது ஒரு ஆறுதல்.

உங்க ஊரில் வெளியூர்க்காரன் வரி எப்படி? நீங்க அதிகமாக் கட்டினதைச் சொல்றப்போ, கம்மியாக் கட்டினதையும் மறைக்காமல் சொல்லுங்க.

டிஸ்கி: மாமல்லபுரத்து நண்பர் போன கோடையில் எங்க படகில் வந்தார். ஸ்டிக்கர் விலையைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரிச்சார். "மூணே மடங்குதானா?"ன்னார்.